பளுப் பயிற்சி: தொடங்குவோர்க்கு முதற்பாடம்

ஜொகூர்க் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் நுழைவோர்க்கு மிக அணித்தாக உள்ள வட்டாரங்களுள் ஒன்று கிராஞ்சி. கிராஞ்சி என்னும் காட்டு மரத்தின் பெயரே ஆற்றுக்கும், பின்னர் ஊருக்கும் ஆயிற்று என்பர். அலையாத்திக் காடும் ரப்பர்த் தோட்டமும் ஒரு காலத்தில் அப்பகுதியின் அடையாளங்களாக விளங்கின. 1970ஆம் ஆண்டுகளில் ஆற்றின் முகத்துவாரம் அணையிட்டு அடைக்கப்பட்டு நன்னீர்த் தேக்கமாயிற்று. இன்று அங்கே பண்ணைகளும், அண்டையில் மரப் பட்டறைகளும் தொழிற்சாலைகளும், அவற்றில் உழைப்போர் தங்கும் தொழிலாளர் விடுதிகளும் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டடப் பணியிலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் இளைஞர் பலருக்கு இத்தகைய விடுதிகளே இல்லம்.

சிங்கப்பூரின் பெரிய விடுதிகள் சிலவற்றில் உடற்பயிற்சி அறை உண்டு. பகலெல்லாம் இரும்பும் பலகையும் சுமந்த இளைஞர்கள், மாலையில் குளித்து உண்டபின் அந்த அறைக்குச் சென்று மீண்டும் இரும்பைத் தூக்குகின்றனர். அறை இல்லாத இடத்தில் நீர் நிரப்பிய கலன்களே அவர்களுக்குக் கருவியாகின்றன. இதனைக் கேள்வியுறும் நம் தோட்டத்து நண்பர் ஒருவர், "நாள் முழுதும் சுமந்தவன் மாலையிலும் எதற்காகச் சுமக்க வேண்டும்?" என்று வினவக்கூடும். நியாயமான வினாவே. விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக நடந்து மரம் சீவி, காண்டா வாளியில் பால் சுமந்து வருபவர்க்குப் பளுப் பயிற்சி எதற்கு? இவ்வினாவுக்கு விடை காண்பதும், விடை கண்டபின் எவ்வாறு தொடங்குவது என்று அறிவதுமே இப்பாடத்தின் நோக்கமாகும்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

உழைப்பும் பயிற்சியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணப்படினும், உடலுக்கு அவை செய்யும் பணி வேறு. இவ்வேற்றுமையை மூன்று வகையில் விளங்கிக் கொள்ளலாம்.

முதலாவது, உழைப்பில் பளுவின் அளவை நாம் முடிவு செய்வதில்லை. வாளி நிறைந்தால் நிறைந்த வாளியைத்தான் சுமக்க வேண்டும். ரப்பர்ப் பாலின் கனம் ஏறத்தாழ நீரின் கனமே. ஆதலின் இருபது லிட்டர் வாளி ஒன்று ஏறக்குறைய இருபது கிலோ நிறுக்கும். அன்று நமக்குக் காய்ச்சலாயினும், முதுகு வலியாயினும் அதன் கனம் குறையாது. பயிற்சியிலோ பளுவை நாமே தேர்ந்தெடுக்கிறோம். உடலுக்கு ஏற்பக் கூட்டுகிறோம், குறைக்கிறோம்.

இரண்டாவது, உழைப்பு ஒருபக்கமானது. மரம் சீவுபவர் ஒரே கையை, ஒரே கோணத்தில், நூற்றுக்கணக்கான முறை இழுக்கிறார். காண்டாவைப் பெரும்பாலும் பழகிய ஒரே தோளில்தான் வைக்கிறார். இதனால் சில தசைகள் ஓயாது உழைத்துக் களைக்கின்றன. வேறு சில தசைகள் பயனின்றி மெலிகின்றன. இவ்விரண்டின் சமநிலை குலையும்போதுதான் தோள்வலியும் இடுப்புவலியும் குடிபுகுகின்றன. பயிற்சி உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் வேலை கொடுத்து, மெலிந்ததை வலுவாக்குகிறது.

மூன்றாவது, உழைப்பு நாள்தோறும் வருவது. ஓய்வைக் கணக்கிட்டு வருவதன்று. தசை வேலை செய்யும்போது வளர்வதில்லை. வேலைக்குப் பின் உணவும் உறக்கமும் கிடைக்கும்போதுதான் வளர்கிறது. பயிற்சியில் ஒரு நாள் செய்தால் மறுநாள் ஓய்வு என்பது விதி.

தொழிலாளிக்கு உடலே முதல். கடைக்காரர் முதலை வங்கியில் வைக்கிறார்; நாம் நம் முதலை முதுகெலும்பில் வைத்திருக்கிறோம். முதுகு பழுதாகிப் படுத்துவிட்டால் கூலி நின்றுவிடும், குடும்பம் தடுமாறும். இம்முதலைக் காப்பதற்கான வழிகளுள் ஒன்றே பளுப் பயிற்சி. மார்பை விரித்துக் காட்டுவதற்காகவன்றி, ஐம்பது வயதிலும் நிமிர்ந்து நடப்பதற்காகவே இதனை நாம் கற்கிறோம். பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் கூறியுள்ளது.

இளவட்டக்கல்லை அறிந்தவர் நாம்

பளு தூக்குதல் நமக்குப் புதியதன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கோயில் முன்றிலிலோ சாவடியருகிலோ உருண்டையான பெருங்கல் ஒன்று கிடக்கும். அதற்கு இளவட்டக்கல் என்று பெயர். அதனைத் தூக்கித் தோள்வழியே பின்புறம் எறிபவனே மணம் முடிக்கத் தக்க இளைஞன் என்ற வழக்கம் முன்பு இருந்தது. நம் முன்னோர் பலர் இக்கல்லைக் கண்டும் தூக்கியும் பழகிய பின்னரே கப்பலேறி வந்தனர். திருநெல்வேலி மாவட்டத்தின் வடலிவிளை போன்ற ஊர்களில் பொங்கல் விழாவின்போது இக்கல்லைத் தூக்கும் போட்டி இன்றும் நடைபெறுகிறது.

அக்கல்லைத் தூக்கும் முறையைக் கூர்ந்து நோக்கினால் ஒரு பாடம் கிடைக்கும். கல்லைத் தூக்குபவர் கால்களை அகற்றி வைத்து, குனிந்து, கல்லை உடலோடு அணைத்துக் கொள்கிறார். முதலில் முழங்கால் வரை, பின்னர் தொடைமீது, அதன்பின் நெஞ்சுக்கு, இறுதியில் தோளுக்கு என்று படிப்படியாக ஏற்றுகிறார். கல் உடலைவிட்டு விலகினால் தூக்க இயலாது, இடுப்புத்தான் ஒடியும். பளு உடலுக்கு அருகே இருக்க வேண்டும் என்பதும், கையைவிடக் காலும் இடுப்பும் மிகுதியாக உழைக்க வேண்டும் என்பதும் அக்கல் கற்பிக்கும் இரு விதிகள். மேலும், எவரும் முதல்நாளே இளவட்டக்கல்லைத் தூக்கிவிடுவதில்லை. சிறுகற்களில் பழகியே பெருங்கல்லை அணுகுவர்.

ரோமாபுரியில் ஒரு சிங்கப்பூர்த் தொழிலாளி

சிறியதில் தொடங்கிப் பெரியதை எட்டலாம் என்பதற்கு அண்டை நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. டான் ஹோவ் லியாங் 1933ஆம் ஆண்டு சீனாவில் பிறந்து, சிறுவயதில் சிங்கப்பூருக்கு வந்தவர். எளிய குடும்பம், பள்ளிப் படிப்பை நெடுநாள் தொடர இயலவில்லை. இளைஞராக இருந்தபோது கே வோர்ல்டு என்னும் பொழுதுபோக்குப் பூங்காவில் நடந்த பளுதூக்கும் போட்டி ஒன்றை வேடிக்கை பார்க்கச் சென்றார். அன்று முளைத்த ஆவலே அவரை வீரராக்கியது.

1956ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார், பதக்கம் கிட்டவில்லை. மனம் தளராது பயிற்சியைத் தொடர்ந்தார். 1958இல் கார்டிஃப் நகரில் நடந்த பேரரசு, காமன்வெல்த் விளையாட்டுகளில் தங்கம் வென்றார். அதே ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டுகளிலும் தங்கம் வென்றார். 1960ஆம் ஆண்டு செப்டம்பரில் ரோம் ஒலிம்பிக்கில் இலேசு எடைப்பிரிவில் மூன்று வகைத் தூக்குதலிலும் முறையே 115, 110, 155 கிலோ தூக்கி, மொத்தம் 380 கிலோவுடன் வெள்ளிப் பதக்கம் பெற்றார். போட்டியின்போது காலில் கடும் வலி இருந்தும் பின்வாங்கவில்லை. ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் பெற்ற முதற்பதக்கம் அதுவே. அடுத்த பதக்கத்துக்கு அந்நாடு 2008ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. டான் 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தமது 91ஆம் வயதில் காலமானார்.

தமிழருள்ளும் இத்தகையோர் உண்டு. தமிழ்நாட்டின் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகளில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்டுகோஸ்ட் நகரிலும் மீண்டும் தங்கம் வென்றார். அவர் தந்தையாரும் பளுதூக்கும் வீரரே.

இவர்களைப் போல நாம் 150 கிலோ தூக்க வேண்டியதில்லை. இவர்களிடமிருந்து நாம் கொள்ள வேண்டியது முறையும் பொறுமையுமே.

போர் தந்த ஒரு மருத்துவ முறை

1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானியப் படைகள் சிங்கப்பூருக்குள் புகுந்தபோது கடும் போர் நிகழ்ந்த இடங்களுள் கிராஞ்சியும் ஒன்று. அங்குள்ள போர் நினைவகத்தின் சுவர்களில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் இந்திய வீரர்களும் பலர்.

உயிர்களைக் கவர்ந்த அப்போரின் இறுதியாண்டுகளில்தான், பிழைத்தவர்களை மீட்கும் வழியாகப் பளுப் பயிற்சி மருத்துவத்துக்குள் நுழைந்தது. அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்த இராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் என்னும் மருத்துவர் பணியாற்றினார். முழங்கால் காயமுற்று வந்த வீரர்களின் தொடைத் தசைகள் மெலிந்து கிடந்தன. இலேசான அசைவுகளைப் பலமுறை செய்விப்பதே அக்கால வழக்கம். குணமடைய நெடுங்காலம் சென்றது. இளமையில் நோயுற்றபின் பளு தூக்கியே வலுப்பெற்றவரான டிலோர்ம், அவ்வீரர்களுக்கும் பளுவைக் கொடுத்தார். தசை வலுவாக ஆக, பளுவையும் சிறிது சிறிதாகக் கூட்டினார். வீரர்கள் முன்னினும் விரைவில் தேறினர். 1945ஆம் ஆண்டு இம்முறையை அவர் மருத்துவ உலகுக்கு எழுதி அறிவித்தார்.

படிப்படியாகப் பளுவைக் கூட்டுதல் என்னும் இவ்விதியே இன்றளவும் பளுப் பயிற்சியின் உயிர்நாடி. தசைக்கு, பழகியதைவிடச் சற்றே மிகுதியான வேலை கொடுத்தால் அது வலுப்பெறும். பழகிய அளவே கொடுத்தால் இருந்தபடி இருக்கும். அளவுக்கு மீறிக் கொடுத்தால் காயமுறும். 'சற்றே' என்ற சொல்லை நண்பர்கள் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுள் ஒன்று உடையவர்கள், குடலிறக்கம் உடையவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்ற தாய்மார்கள் ஆகியோர் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்குதல் வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் இரத்த அழுத்தத்தை ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்வது நலம். முதுகுவலி காலுக்குள் இறங்கினாலோ, காலில் மரத்துப்போகும் உணர்வு இருந்தாலோ, பயிற்சிக்கு முன் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

கருவிகளுக்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை. ஐந்து லிட்டர் நெகிழிக் கலனில் நீர் நிரப்பினால் ஐந்து கிலோ; உலர்ந்த மணலை நிரப்பினால் ஏறத்தாழ எட்டுக் கிலோ. உறுதியான அரிசிப் பைக்குள் மணலிட்டு இறுகக் கட்டினால் பத்து, இருபது கிலோ மூட்டைகளும் ஆயத்தமாகும். எடையை உத்தேசமாகக் கொள்ளாது தராசில் நிறுத்து, கலனின் மேல் எழுதி வைக்க வேண்டும். கலனின் கைப்பிடியும் பையின் தையலும் உறுதியாக உள்ளனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தரை சமமாகவும் வழுக்காமலும் இருத்தல் அவசியம்.

ஐந்து அசைவுகள்

உடற்பயிற்சிக் கூடங்களில் பல்வேறு கருவிகளைக் கண்டு புதியவர்கள் திகைப்பர். உண்மையில் மனித உடல் பளுவைக் கையாளும் வகைகள் சிலவே. பின்வரும் ஐந்து அசைவுகள் தொடங்குவோர்க்குப் போதுமானவை.

1. உட்கார்ந்து எழுதல். கால்களைத் தோளகலம் வைத்து நிற்கவும். பின்னால் உள்ள முக்காலியில் அமர்வது போல இடுப்பைப் பின்தள்ளி இறங்கவும். குதிகால் தரையைவிட்டு எழக்கூடாது. முழங்கால் பாதம் நோக்கும் திசையிலேயே மடங்க வேண்டும். முதல் வாரம் பளுவின்றி, உண்மையாகவே முக்காலியைத் தொட்டு எழுந்து பழகவும். பின்னர் கலனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யவும். பஸ்கியும் தோப்புக்கரணமும் அறிந்தவர்க்கு இது எளிது.

2. இடுப்பை மடித்து எடுத்தல். தரையில் உள்ள பளுவை எடுக்கும் முறை இது. பளுவைப் பாதங்களுக்கு மிக அருகே வைக்கவும். முதுகை வளைக்காது, கதவின் கீல் மடங்குவதுபோல் இடுப்பில் மடங்கி, முழங்காலையும் சற்று மடக்கிப் பளுவைப் பற்றவும். வயிற்றை இறுக்கி, கால்களால் தரையை அழுத்தி நிமிரவும். இறக்கும்போதும் இதே வழி. ஐந்தினுள் நம் தொழிலுக்கு மிகவும் பயன்படுவது இதுவே. பால் வாளியையும், உர மூட்டையையும், வீட்டில் எரிவாயுக் கலனையும் இம்முறையில் எடுக்கப் பழகியவர் முதுகு பெரும்பாலான தீங்குகளிலிருந்து தப்பும். எடுத்தபின் திரும்ப வேண்டுமாயின் பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும். இடுப்பை முறுக்கித் திரும்புதல் ஆகாது.

3. தள்ளுதல். நம்மவர் நன்கறிந்த தண்டாலே இதற்குப் போதும். தரையில் செய்ய இயலாதவர்கள் முதலில் சுவரில் கையூன்றியும், பின்னர் திண்ணையில் ஊன்றியும் செய்யலாம். ஒரு மாதம் சென்றபின், சிறு கலன்களைத் தோளிலிருந்து தலைக்குமேல் உயர்த்தும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். உயர்த்தும்போது பின்புறம் வளையக்கூடாது. டான் ஹோவ் லியாங்கின் காலத்தில் ஒலிம்பிக்கில் இருந்த 'பிரெஸ்' என்னும் தூக்குதல் 1972ஆம் ஆண்டுக்குப் பின் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. வீரர்கள் அளவு மீறிப் பின்வளைந்து தூக்கியதால், தீர்ப்பளிப்பது கடினமானதும் முதுகுக்கு ஊறு நேரும் என்ற அச்சமுமே அதற்குக் காரணங்கள். உலக வீரர்க்கே தகாதது நமக்கும் தகாது.

4. இழுத்தல். ஒரு கையைத் திண்ணையில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மறுகையால் கலனை விலாப்புறத்துக்கு இழுக்கவும். பின்னர் கை மாற்றவும். சீவு வேலையில் முன்புறம் கூனும் தோள்களைப் பின்னோக்கி நிறுத்த இப்பயிற்சி உதவும். வலக்கை செய்த அளவே இடக்கையும் செய்ய வேண்டும். வலுக்குறைந்த கையிலிருந்து தொடங்கி, அது செய்த எண்ணிக்கையோடு மறுகையை நிறுத்திக்கொள்வது சிறந்த வழி.

5. சுமந்து நடத்தல். இரு கைகளிலும் சம எடையுள்ள கலன்களைப் பற்றி, நிமிர்ந்து, இருபது அல்லது முப்பது அடி நடக்கவும். தோள் தொங்காமலும், உடல் ஆடாமலும் நடப்பதே இதன் நுட்பம். வேலையிலும் இவ்விதியைக் கையாளலாம். நிறைந்த ஒரு வாளியை ஒரே கையில் சுமப்பதைவிட, அரைவாளி இரண்டை இருகைகளில் சுமப்பது முதுகுக்கு நல்லது. காண்டாவைப் போகும்போது ஒரு தோளிலும் வரும்போது மறுதோளிலும் மாற்றி வைத்தல் நலம்.

எல்லா அசைவுகளிலும் மூச்சு முக்கியம். பளுவை உயர்த்தும்போது மூச்சை வெளிவிடவும், இறக்கும்போது உள்ளிழுக்கவும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். அழுத்தநோய் உடையவர்கள் இதில் மிகுந்த எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

எத்தனை நாள், எத்தனை முறை?

வாரத்தில் இரு நாட்கள் போதும். செவ்வாயும் வெள்ளியும் என வைத்துக்கொள்ளலாம். இடையே இரண்டு மூன்று நாட்கள் ஓய்வு கிடைக்கும். விடியற்காலை வேலை செய்பவர்க்கு, பகலுறக்கத்துக்குப் பின் வெயில் தணிந்த மாலை நேரமே ஏற்றது. முதல் ஐந்து நிமிடம் வேகமாக நடந்து, கைகால்களைச் சுழற்றி உடலைச் சூடேற்றிக் கொள்ள வேண்டும்.

முதல் இரு வாரங்களில் ஒவ்வோர் அசைவையும் எட்டு முறை, ஒரு சுற்று மட்டும் செய்யவும். மூன்றாம், நான்காம் வாரங்களில் இரண்டு சுற்று. ஐந்தாம் வாரத்திலிருந்து மூன்று சுற்று. சுற்றுகளுக்கிடையே இரண்டு நிமிடம் இளைப்பாறவும். சுமந்து நடப்பதை மட்டும் எண்ணிக்கையால் அன்றி அடியால் கணக்கிடவும்.

பளு சரியானதா என்று அறிவது எப்படி? எட்டு முறை செய்து நிறுத்தும்போது, இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய இயலும் என்று தோன்ற வேண்டும். பத்து முறைக்கு மேலும் எளிதாகச் செய்யலாம் எனத் தோன்றினால் பளு குறைவு. எட்டாவது முறையில் கை நடுங்கி உருவம் குலைந்தால் பளு மிகுதி.

கூட்டும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒருவர் முதல் மாதத்தில் முறையைக் கற்றபின், எட்டுக் கிலோ கலனை அணைத்து எட்டு முறை உட்கார்ந்து எழுகிறார் எனக் கொள்வோம். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு முறை கூட்டி, ஐந்தாம் நாளில் பன்னிரண்டை எட்டுவார். அதன்பின் பத்துக் கிலோவை எடுத்து மீண்டும் எட்டு முறையிலிருந்து தொடங்குவார். இவ்வாறு ஐந்து பயிற்சி நாட்களுக்கு ஒருமுறை இரண்டு கிலோ கூடும். தடை ஏதும் நேராவிடில், இருபத்தாறு வாரங்களில் ஐம்பத்திரண்டு பயிற்சி நாட்கள், பத்துப் படிகள், இருபது கிலோ உயர்வு. எட்டில் தொடங்கியவர் இருபத்தெட்டில் நிற்பார். மழையும் நோயும் திருவிழாவும் குறுக்கிட்டுப் பாதியே நிறைவேறினாலும் பதினெட்டுக் கிலோவாகும். அது நிறைந்த பால்வாளியின் எடையை நெருங்கிய அளவன்றோ! பயிற்சியில் பழகிய உடலுக்கு, வேலையிற் சுமக்கும் வாளி பழைய பாரமாகத் தோன்றாது.

பிள்ளைகளின் பழைய கணக்கேட்டில் நாளும், எடையும், எண்ணிக்கையும் குறித்து வருக. நினைவு ஏமாற்றும், ஏடு ஏமாற்றாது.

முதல் சில வாரங்களில் உடலின் தோற்றம் மாறாது. வலு மட்டும் கூடும். இது கண்டு சிலர் மனம் சோர்வர். தொடக்கத்தில் கூடுவது பெரும்பாலும் நரம்புகளின் திறமையே. தசைகளை ஒருங்கே இயக்க மூளை கற்றுக்கொள்கிறது. தசையின் பருமன் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசைகளில் மந்தமான வலி தோன்றுதல் இயல்பு. அது தானே தணியும். ஆனால் மூட்டில் குத்தும் வலி, பயிற்சியின்போதே மின்னலென வரும் வலி, நெஞ்சடைப்பு, தலைச்சுற்றல் ஆகியவை எச்சரிக்கைகள். உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

உணவும் உறக்கமும்

தசையின் கட்டுமானப் பொருள் புரதம். பயிற்சி செய்பவர், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1.2 கிராம் புரதம் உண்பது நல்லது. அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு இது நாளொன்றுக்கு 72 கிராம் ஆகும். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு குவளைப் பாலில் எட்டுக் கிராம், நூறு கிராம் நிலக்கடலையில் இருபத்தைந்து கிராம், நூறு கிராம் தெம்பேயில் ஏறத்தாழ பத்தொன்பது கிராம் புரதம் உள்ளது. பருப்பும், பயறும், மீனும் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். நெத்திலிக் கருவாட்டை உப்புப்போக நன்கு அலசிச் சமைக்கவும். சோறு மிகுந்து குழம்பு குறைந்த தட்டே நம் வீடுகளில் வழக்கம். அதில் ஒரு முட்டையோ ஒரு கரண்டிப் பயறோ கூடுதலாக இடம்பெறட்டும். டப்பாக்களில் விற்கும் விலையுயர்ந்த மாவுகள் தொடங்குவோர்க்குத் தேவையில்லை.

நம் நாட்டு வெப்பத்தில் நீரிழப்பு விரைவில் நேரும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நீர் அருந்த வேண்டும். உறக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைதல் ஆகாது. மூன்றரை மணிக்கு எழுபவர், முன்னிரவில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் துறந்தாலன்றி இது கைகூடாது. சரியாக உறங்காத நாளிலும், காய்ச்சல் கண்ட நாளிலும் பயிற்சியை விட்டுவிடுவது குற்றமன்று, அறிவுடைமையேயாகும்.

செய்யத் தகாதவை

நண்பர்களுடன் பந்தயம் கட்டித் தூக்காதீர். முதல் மாதத்தில் நேரும் காயங்களில் பல, பளுவால் அன்று, பந்தயத்தாலேயே நேர்கின்றன. மது அருந்தியபின் பயிற்சி செய்தல் கூடாது. விரைவில் உடல் பெருக்க வைப்பதாகக் கூறி மறைவாக விற்கப்படும் ஊக்க ஊசிகளையும் மாத்திரைகளையும் தொடவும் வேண்டாம். ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த அவை ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். ஆண்மைக்கும் ஊறு விளைக்கும். சிறுவர்கள் பெரியவர் துணையின்றிப் பளுவைத் தூக்க விடாதீர். கலன்களைப் பயன்படுத்தியபின் குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்கவும்.

பெண்டிரும் முதியோரும்

பளு தூக்கினால் பெண்களின் உடல் ஆண்களைப்போல் முரடாகிவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. வயது ஏற ஏறப் பெண்களின் எலும்பு தேய்ந்து எளிதில் முறிகிறது. பளுப் பயிற்சி அத்தேய்வைத் தணிக்க உதவும். மரம் சீவியும், நீர் சுமந்தும், பிள்ளையைத் தூக்கியும் வாழும் நம் தாய்மார்களுக்கு, பளுவை எடுக்கும் முறை ஆண்களினும் அவசியமானது.

முதியோரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையிலான சிலர்க்கு, மருத்துவர்கள் எட்டு வாரங்கள் கால்தசைப் பயிற்சி அளித்தனர். முடிவில் அவர்களின் கால்வலு சராசரியாக இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. தொண்ணூறில் இயன்றது ஐம்பத்தைந்தில் இயலாதா? முக்காலியிலிருந்து கையூன்றாது பத்துமுறை எழுவதே ஓய்வு பெற்றவர்க்கு நல்ல தொடக்கம்.

முடிவாக

நாள் முழுதும் சுமந்தவன் மாலையிலும் எதற்காகச் சுமக்க வேண்டும் என்னும் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பகலிற் சுமக்கும் சுமை பிறருக்கு; அது உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாலையில் அளவறிந்து சுமக்கும் சுமை தனக்கு. அது உடலுக்குத் திருப்பித் தருகிறது. கிராஞ்சி விடுதியில் தங்கும் இளைஞர்க்கும், தோட்டத்து லயத்தில் வாழும் நண்பர்க்கும் இது பொதுவான உண்மை.

வரும் செவ்வாய்க்கிழமை மாலை ஒரு முக்காலியும், நீர் நிரப்பிய இரு கலன்களும், ஓர் ஏடும் எடுத்து வையுங்கள். ஐந்து அசைவுகள், எட்டு முறை, ஒரே சுற்று. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னும் செய்யலாமே என்ற ஆசை எஞ்சியிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அந்த ஆசைதான் உங்களை வெள்ளிக்கிழமை மீண்டும் அழைத்துவரும்.